கூடையில் இறங்கிய இரண்டு சட்டைகள்

கீலுங் துறைமுகம்,
சனிக்கிழமை மத்தியானம், மழை.

ஷூயுனின் அப்பாவுக்கு வான்ஜென் எழுதுவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். ஷூயுன் ஹாலில் படுத்துக்கொண்டு தம்பியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். குட்டி வெய் அதற்குக் கெக்கெக்கென்று சிரிக்கிறான். இரண்டு பேருக்கும் நேரத்துக்குப் பசி எடுக்கிறது. நீங்கள் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கேள்வியை இந்த முறை கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் கப்பலில் போன் இருப்பது கேப்டன் அறையில். நான் இங்கே அழுதால் அவர் அங்கே தொண்டையைச் செருமுகிறார். போன தடவை வெய்க்குப் பல் முளைக்கிறது என்று நான் சொன்னபோது, உங்களுக்கு முன்னால் அவர் "நல்லது, நல்லது" என்றார். அப்படிப்பட்ட போனில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன். அடுத்த சாமான் கப்பல் உங்களைத் தேடிக் கிளம்புவதற்குள் கம்பெனி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்கும் கொரோனா வந்துவிட்டது.

இத்தனை நாள் தீவுக்குள் வரவிடாமல் பிடித்து வைத்திருந்த சனியன், இந்த மழையோடு சேர்ந்து வீடு வீடாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஷூயுனுக்கு முன் வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு வந்ததும், வகுப்பில் ஆளுக்கொரு சோதனைக் கிட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து மூக்கில் குச்சியை விட்டேன். உங்கள் பெண் என் முகத்திலேயே தும்மினாள், அப்புறம் என்னையே முறைத்தாள். சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்தோம். முதலில் ஒரு கோடு. சரி, தப்பித்தோம் என்று பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொரு கோடு, மெலிசாக. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். எங்கே பிடித்தாலும் அது இருந்தது.

ஷூயுன் எட்டிப் பார்த்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, ரெண்டு கோடு வந்துடுச்சே. எனக்கும் பாப்பா பொறக்கப் போகுதா?"

வெய் வயிற்றில் வந்தபோது குளியலறையில் என் கையிலிருந்த குச்சியைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள், கழுதை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த இரண்டு கோட்டை நாம் சேர்ந்து பார்த்தோம். பார்த்துவிட்டு, இனிமேல் செலவு கூடும், ஒரே ஒரு தடவை கணவாய் பிடிக்கப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினீர்கள். இந்த இரண்டு கோட்டை நான் மட்டும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் நேரே போக வேண்டியதில்லை. சோதனை அட்டையில் பெயரும் தேதியும் எழுதி, காப்பீட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்து, வீடியோவில் காட்ட வேண்டும். சின்ன வயது டாக்டர். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம். பார்த்ததும், "ஆமாம்மா, வந்திருக்கு. வீட்ல வேற யாரு இருக்கீங்க?" என்றார். நானும் கைக்குழந்தையும் என்றேன். வேறு பெரியவர்கள் இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி கிடையாது, அதனால் மூத்தவளைத் தனி அறையில் வையுங்கள், ஒரே ஆள் இரண்டு பக்கமும் போய் வருவது கஷ்டம்தான், கையைக் கழுவிக்கொண்டே இருங்கள் என்றார். காய்ச்சல் ஏறிக் கை கால் வெட்டி இழுத்தாலோ, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொன்னாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார். டிவியில் அந்த வாரம் முழுக்க அதே செய்திதான். சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்கு ஏறிவிடுகிறதாம். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

ஷூயுனை நம் அறையில் விட்டேன். நானும் வெய்யும் ஹாலில். ஈரத்தை உறிஞ்சும் மெஷினையும் வெய்க்காக ஹாலுக்கு நகர்த்திவிட்டேன். நம் அலமாரியைத் திறந்தால் உங்கள் சட்டைகளெல்லாம் பூசணம் பூத்துக் கிடந்தன. இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போகவும் முடியாது, வேறு வேலையும் ஓடவில்லை, எல்லாவற்றையும் துவைத்தேன். ஹாலில் கயிறு முழுக்க வெய்யின் துணி. அதனால் உங்கள் சட்டைகளை அந்த அறையிலேயே, கட்டிலின் கால்மாட்டில், திரைக் கம்பியில் மாட்டி வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி. அதில் கஞ்சியை வைத்துவிட்டு நான் தள்ளிப் போனதும் அவள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சுவரில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டினால் கழிவறைக்குப் போக வேண்டும், நான் வெய்யைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும். மூன்று தட்டினால் ஒன்றும் வேண்டாம், சும்மாதான். நாள் முழுக்க அவள் தட்டியது பெரும்பாலும் மூன்று. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று தட்டினேன். வெய்யும் கற்றுக்கொண்டு தொட்டிலைத் தட்டினான். இப்படி மூன்று பேரும் தட்டிக்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வெய்க்குக் கஞ்சி ஊட்டி, படுக்க வைத்து, அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறேன். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. அவ்வளவுதான். எழுந்தேன், குப்பைப் பையைக் கட்டினேன், செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். இத்தனை வருஷப் பழக்கம். பாட்டு கேட்டால் கால் தானாக இறங்கிவிடுகிறது. கீழே எல்லோரும் வழக்கம்போலப் பையும் கையுமாக நின்றிருந்தார்கள். நானும் போய் நடுவில் நின்றேன். வண்டிக்காரர் பையை வாங்கக் கையை நீட்டினார். அப்போதுதான் பைக்குள் இருப்பது ஷூயுன் மூக்கு துடைத்த காகிதமும் அந்தக் குச்சியும் என்பது மண்டையில் உறைத்தது.

"தள்ளிப் போங்க," என்றேன். யாருக்கும் புரியவில்லை. "என் வீட்ல இருக்கு. எல்லாரும் தள்ளிப் போங்க," என்று மறுபடி சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டமாக இடம் விழுந்தது. எதிர்க்கடைக்காரர் மாஸ்க்குக்கு மேல் கையையும் வைத்துக்கொண்டார். பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படியேறினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் தோளுரச நின்றவள் யார் தெரியுமா? இரண்டாம் மாடி லியாவ் அக்கா. மீன் உருண்டைக் கடை. நம் குழாய் உடைந்து அவள் வீட்டுக் கூரை வழியாக ஒழுகி, அவள் மாமனார் பெயர் எழுதிய பூஜைப் பலகை நனைந்ததிலிருந்து நம்மோடு பேச்சு வார்த்தை கிடையாது. "என் மாமனார் தலையில தண்ணி ஊத்தின குடும்பம்" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அவளேதான்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், கீழே பால்கனியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏய் மூணாம் மாடி. ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? வீட்ல நோய வெச்சிக்கிட்டு தெருவுல வந்து நிக்கிற."

ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "பாட்டு கேட்டுதுக்கா. கால் தானா எறங்கிடுச்சு," என்றேன். அபராதம் போடுகிறவர்களுக்குச் சொல்லிவிடுவாளோ என்று பயமாகத்தான் இருந்தது. அப்புறம், "அது சரி. எங்க வீட்டுக்காரர் செத்துக் கிடந்த அன்னைக்கே நான் பாட்டு கேட்டதும் பையத் தூக்கிட்டு ஓடுனவதான்," என்றாள். உடனே குரலை ஏற்றிக்கொண்டு, "அந்தக் குப்பைய இறுக்கிக் கட்டி உள்ளயே வை. எறும்பு எங்க வீட்டுக்கு எறங்குச்சுன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதோ, இப்போதும் பாட்டு கேட்கிறது. இன்றைக்கு நான் போகலாம், தனிமைக் கெடு முடிந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். எல்லோரும் "கொழந்தைங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். எதிர்க்கடைக்காரர் மட்டும் இன்னும் ஓரடி தள்ளியே நிற்கிறார். நிற்கட்டும்.

நான் குப்பையோடு ஓடியதற்கு மறுநாள் மத்தியானத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

காலையிலிருந்து ஷூயுனுக்குக் காய்ச்சல் கூடிக்கொண்டே போனது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். தட்டுவது குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று. தூங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு வெய்க்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவில் காதை வைத்தேன். யாரிடமோ மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அப்பா, ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க? துண்டு எடுத்துத் தரட்டுமா?"

கதவைத் திறந்தேன். கன்னம் இரண்டும் சிவந்து, கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "அம்மா, அப்பா வந்திருக்காரு. பேச மாட்டேங்கறாரு. தண்ணி சொட்டுது பாரு."

நானும் பார்த்தேன். உங்கள் பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, பூசணம் போகவில்லை என்று காலையில்தான் மறுபடி அலசி மாட்டியது, கம்பியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ட அப்பா அந்தச் சட்டைதான். எனக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நானும் துறைமுகத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன ஆள் நனைந்த உடம்போடு வந்து, வாய் பேசாமல் கால்மாட்டில் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அதை நான் எழுதப் போவதில்லை.

இல்லாதது தெரிந்தால் உடனே கூப்பிடு என்று டாக்டர் சொன்னாரே. மூளைக்கு ஏறிவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம், உங்களைப் பற்றிய பயம் ஒரு பக்கம். பெண்ணை நினைப்பதா, உங்களை நினைப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஹாலில் வெய் வீறிட்டு அழ ஆரம்பித்தான். இத்தனை நாள் கையைக் கழுவிக் கழுவிக் காப்பாற்றிய பிள்ளை. அவனைத் தொட வேண்டுமானால் இவளைத் தொடக்கூடாது. நான் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி ஷூயுனை மடியில் போட்டுக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஏதோ ஒரு இசையை ஓடவிட்டு ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்து, குழந்தை உங்களை அடையாளம் காண்கிறாளா, பெயர் கேட்டால் சொல்கிறாளா, கை நடுங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். நான் ஷூயுனிடம், "உன் பேர் என்னடா?" என்றேன். "ஒனக்குத் தெரியாதா? நீதான வெச்ச," என்றாள். போனில் இருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப் பேசினால் பயமில்லை, மருந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள், வெட்டி இழுத்தால் மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை எல்லாம் நிரம்பியிருக்கிறது என்றாள். போனை வைத்த பிறகு, அப்பா இன்னும் நிற்கிறாரா என்று ஷூயுனிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேனோ. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப இல்ல. சட்ட மட்டும்தான் இருக்கு," என்றாள்.

வெய் அழுதுகொண்டே இருந்தான். கீழேயிருந்து யாரோ துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் சத்தம். அப்புறம் பால்கனியிலிருந்து, "கொழந்த ஏன் இந்தக் கத்து கத்துது? மேல நீ இருக்கியா, செத்தியா?" என்று லியாவ் அக்கா.

ஷூயுனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். "இருக்கேங்க்கா. பெரியவளுக்குக் காய்ச்சல். எதையோ பாத்துப் பயந்துட்டா."

"என்னத்தப் பாத்தா?"

"அவ அப்பாவ."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நனைஞ்சா?" என்று கேட்டாள். நான் ஷூயுனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சரி," என்றாள். "டாக்டர் சொன்னத நீ செய். நான் என்னோடதச் செய்யறேன். அவ சட்ட ஒண்ண எறக்கு. சந்தைக்குப் பின்னால கோயில்ல அரிசியில குறி பாக்கறவ இருக்கா, பயந்து ஓடின கொழந்தைங்க உசுரச் சட்டைய வெச்சுத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுப்பா. கயிறு இருக்கா?"

வெங்காயக் கூடையில் கயிற்றைக் கட்டி, ஜன்னல் கம்பியில் திறக்கிற சின்னக் கதவு வழியாக இறக்கினேன். கிருமி போகட்டும் என்று ஷூயுனின் மஞ்சள் பனியன் சட்டையின் மேல் சானிடைசரைத் தெளித்துப் போட்டேன். அப்புறம் என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. கம்பியிலிருந்து உங்கள் கட்டம் போட்ட சட்டையை எடுத்து, பிழிந்து, மடித்து, அதன் மேல் வைத்தேன்.

கூடை கீழே போனதும் அவள் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். "இது யாரோடது, ஆம்பளச் சட்ட?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் அக்காவுக்கே புரிந்துவிட்டது. அண்ணாந்து பார்த்து, "கூப்பிடணும்னா பேரு சொல்லணும், வயசு சொல்லணும், ஊரு, தெரு, மாடி எல்லாம் சொல்லணும்டி. இல்லன்னா சாமி எங்கன்னு போய்த் தேடும்? அவன் இருக்கறது கடல்ல. கடலுக்கு ஏது கதவு நம்பர்?" என்றாள்.

"இந்த வீட்டு நம்பரையே சொல்லுங்கக்கா," என்றேன். "அவரு வீடு இதுதான்."

கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு குடை இல்லாமலே நடந்தாள். உங்கள் சட்டை அவளுடைய மேல்கோட்டுக்குள் இருந்தது.

இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். கூடை மேலே ஏறியது. இரண்டு சட்டையிலும் சாம்பிராணிப் புகை வாசனை. அதோடு ஒரு டப்பாவில் மீன் உருண்டை சூப். கோயிலில் என்ன சொன்னார்கள் என்று நானே கேட்டேன். அரிசியில் குழந்தையின் குறியைப் பார்த்ததும், தனியாகக் கிடந்து பயந்திருக்கிறாள், வேறொன்றுமில்லை, சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்து, விடிந்ததும் போட்டுவிடு என்று அந்த அம்மா சொன்னாளாம். "அவருக்கு?" என்றேன். லியாவ் அக்கா தன் பால்கனிச் செடியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டே, "அவனுக்கு ஒண்ணும் சொல்லல. ரொம்ப தூரம்னு சொன்னா. வீட்டுக்காரி வாயால பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடச் சொன்னா. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டைய ஒரு தடவ அவன் ஒடம்புல போடணுமாம், அப்பத்தான் முடிஞ்சதா கணக்காம்," என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜன்னலில் நின்று முதலில் ஷூயுனைக் கூப்பிட்டேன். "ஷூயுன், வீட்டுக்கு வந்துடு." கட்டிலிலிருந்து, "நான் இங்கதான இருக்கேன்," என்று சலித்துக்கொண்டாள். மூன்று தடவையும் சலித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பாதிப் பயம் போய்விட்டது.

உங்கள் பெயரை நான் கூப்பிட்டு எத்தனை காலமாகிறது? இவள் பிறந்ததிலிருந்து ஷூயுன் அப்பா, ஷூயுன் அப்பா என்றே பழகிவிட்டது. சட்டையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, மழையைப் பார்த்து, "செங்யாவ், வீட்டுக்கு வந்துடு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. எதிர் வீட்டு ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை "செங்யாவ்" என்பதோடு நின்றுவிட்டேன். கீழ் பால்கனியிலிருந்து லியாவ் அக்கா மீன் விற்கும் குரலில், "வீட்டுக்கு வந்துடுடா," என்று முடித்தாள். நீங்கள் அவளுக்கு உறவு இல்லை, அவள் மாமனார் தலையில் தண்ணீர் விட்ட ஆள். ஆனாலும் கூப்பிட்டாள். நான் ஜன்னலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

காய்ச்சல் மறுநாள் இறங்கத் தொடங்கியது. மருந்தா, சட்டையா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு அடுத்த நாள் எனக்கும் வெய்க்கும் இரண்டு கோடு வந்தது. வெய்க்கு உடம்பு லேசாகச் சுட்டது, பால் குடிக்க அடம் பிடித்தான், அவ்வளவுதான். எல்லோருக்கும் வந்த பிறகு எதற்குச் சுவர் என்று கதவைத் திறந்துவிட்டேன். மூன்று பேரும் உங்கள் கட்டிலில் ஒன்றாகப் படுத்தோம். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கம்பெனி ஆபீசுக்குத் தினமும் போன் போட்டேன். அங்கே போனை எடுக்கும் பெண்ணுக்கு இப்போது என் குரல் மனப்பாடம். "கப்பல் நல்லா இருக்குங்க. நேத்துகூட எவ்வளவு மீன்னு கேப்டன் சொல்லியனுப்பினாரு," என்கிறாள். நான் கப்பலைக் கட்டிக்கொள்ளவில்லையே. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. வடக்கே கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, போன் சரியாகக் கிடைப்பதில்லை என்கிறாள். இருக்கலாம்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர்தாங்க வடக்குக் கடலுக்கும் போறேன்னு அவராவே கையெழுத்துப் போட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். கணவாய்ப் பருவம் முடிந்ததும் கம்பெனிதான் இறங்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டது என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. நிறையவே வந்தது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வர ஒரு மனுஷனுக்கு என்ன தயக்கம் என்று பாத்திரத்தோடு பேசிக்கொண்டே கழுவினேன். ஆனால் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக் கூப்பிட்டேனே, அது ஞாபகம் வந்ததும் அந்தக் கோபமும் கொஞ்சம் கரைந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்க மாட்டேன். நீங்கள் நேரில் நின்றால் கேட்பேன். கேட்கும்போது நீங்கள் நேரில் நின்றால் போதும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நலமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும், கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு போன் போடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். மேசையில் மூன்று தட்டு தட்டினால் போதும், ஷூயுனுக்குப் புரியும்.

கடலில் போகிறவர்களைக் காக்கும் மாட்சு தாய் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு சாப்பிடாதீர்கள். குளிர் அதிகமென்றால் இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஷூயுன் தன் மஞ்சள் சட்டையை மறுநாள் காலையிலேயே போட்டுக்கொண்டாள். உங்களுடையது தலையணைக்கு அடியில் இருக்கிறது, பூசணம் பிடிக்காமல் இரண்டு நாளைக்கொரு தடவை எடுத்து உதறி வைக்கிறேன். சாமியிடம் உங்கள் முகவரி என்று இந்த மூன்றாம் மாடியைச் சொல்லியிருக்கிறேன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

காத்திருக்கும்,
வான்ஜென்